ஓடுதளமும் டிரோனும்

தரையிறங்க வரும் விமானம், ஓடுதளத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே ஏறத்தாழ 70 மீட்டர் உயரத்துக்குத் தாழ்ந்துவிடும். அந்த உயரத்தில் டிரோன் எளிதாகப் பறக்கும். பறவையைவிட டிரோன் ஆபத்தானது. அதன் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் இறுகிய கட்டிகள். எஞ்சின் விசிறியில் சிக்கினால் தகடுகள் உடையலாம். அதனால் டிரோன் இருப்பதாகச் சந்தேகம் எழுந்தாலே விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் இப்படிச் சுமார் ஆயிரம் விமானங்கள் பாதிக்கப்பட்டன. 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலைய வானில் அடையாளம் தெரியாத பொருள் தென்பட, விமான சேவை சில மணி நேரம் முடங்கியது.

ரேடாரும் ரேடியோ உணரிகளும் டிரோனைக் கண்டுபிடிக்கும். ஆனால் டிரோனின் சிக்னலை முடக்கும் கருவியை விமான நிலையத்தில் நினைத்தபடி இயக்க முடியாது. விமானத்தின் வழிகாட்டும் சிக்னலும் குலையக்கூடும். ஆகவே முன்தடுப்பே முக்கியம்.

இந்தியாவின் 2021 டிரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை, 200 அடிக்கு மேல் பறக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். 8 கிலோமீட்டருக்குள் கட்டுப்பாடு இன்னும் கடுமை. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவை சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தின் இந்த வளையத்துக்கு வெளியே உள்ளன. ஆனால் துறைமுகம், அனல்மின் நிலையம் போன்றவற்றுக்குத் தனித்தடை இருக்கலாம். காசிமேட்டில் படமெடுக்க டிரோனைப் பறக்கவிடுபவரும் முதலில் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தைப் பார்ப்பது கட்டாயம்.