மனை யாருடையது? வியன்னா நகரசபை கட்டிய வீடுகள்

ஒரு நகரத்தில் வீட்டு வாடகை ஏன் ஏறுகிறது என்று கேட்டால், செங்கல் விலை என்றும் கொத்தனார் கூலி என்றும் வட்டி விகிதம் என்றும் பலரும் பல காரணங்களைச் சொல்லுவார்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் மனையைப் பற்றி ஒரு நகரசபை இன்று என்ன தீர்மானம் செய்கிறதோ, அதுவே நூறு வருஷம் கழித்தும் அவ்வூர் ஏழையின் குடிக்கூலியை நிர்ணயிக்கும் என்பதற்கு, ஆஸ்திரியாவின் தலைநகரமான வியன்னாவைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. அங்கே நகரசபைக்கே சொந்தமான வீடுகள் இன்றைக்கும் ஏறத்தாழ 2,20,000 இருக்கின்றன. நகரத்து ஜனங்களில் சுமார் நான்கில் ஒருவர் அவற்றில் குடியிருக்கிறார்.

முதல் உலக யுத்தத்துக்கு முன் அந்நகரத்தின் நிலைமை வேறு. இருபது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த அந்த ஏகாதிபத்தியத் தலைநகரத்தில், தொழிலாளர் குடியிருந்த கட்டடங்களில் தண்ணீர்க் குழாயும் கழிப்பிடமும் வீட்டுக்கு வெளியே, நீண்ட நடையில், பல குடும்பங்களுக்கும் பொதுவாக இருந்தன. அடுக்களையின் ஜன்னலும் வெளிச்சமில்லாத அந்த நடையைப் பார்த்தபடியே அமைந்திருந்தது. இத்தகைய வீட்டுக்குக்கூட முழு வாடகையும் கொடுக்க இயலாத குடும்பங்கள், தாங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தங்கள் படுக்கையை வேறொருவருக்குக் கூலிக்கு விட்டன. வீடென்று ஒன்றில்லாமல், இவ்வாறு படுக்கையை மட்டும் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து உறங்கியெழுந்தவர்கள் பல்லாயிரவர்.

யுத்தகாலத்தில், போர்முனைக்குப் போன சிப்பாய்களின் குடும்பங்கள் தெருவில் நிற்கக்கூடாதென்று, 1917-ஆம் ஆண்டில் சக்கரவர்த்தியின் சர்க்காரே வாடகையை உயர்த்தவும் குடிகளை வெளியேற்றவும் தடை விதித்தது. யுத்தம் முடிந்ததும் பணத்தின் மதிப்பு சரிந்தபோது, உயராமல் நின்ற அந்த வாடகை பெயரளவுக்கு வாடகையாயிற்று. லாபத்துக்காக வீடு கட்டுவோர் ஒதுங்கினார்கள். கட்டுவார் இல்லாத மனைக்கு வாங்குவாரும் இல்லாமற் போயினர். 1919-ஆம் ஆண்டுத் தேர்தலில் நகரசபையைக் கைப்பற்றியிருந்த சமூக ஜனநாயகக் கட்சியார், யாரும் சீந்தாத அந்தச் சமயத்தில் மனைகளை மலிவாக வாங்கிச் சேர்த்தார்கள். வியன்னாவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் கட்டடங்களைப் புகழ்ந்து நிறுத்திவிடுகிறார்கள். கட்டடங்களுக்கு முன் வாங்கப்பட்ட அந்த மனைகளுக்குத்தான் முதற்புகழ் சேர வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மனை கிடைத்துவிட்டால் பணத்துக்கு வழி? 1922 முதல் வியன்னா தனி மாகாணமாகி, சொந்தமாக வரி விதிக்கும் அதிகாரம் பெற்றது. நிதிப் பொறுப்பிலிருந்த ஹூகோ பிரைட்னர், மோட்டார் வண்டிக்கும் பந்தயக் குதிரைக்கும் ஷாம்பேனுக்கும் வீட்டு வேலைக்காரர் வைத்துக்கொள்வதற்கும் வரி போட்டதோடு நில்லாமல், 1923-இல் வீட்டு வரி ஒன்றையும் கொண்டுவந்தார். குடிசைக்காரனுக்கும் மாளிகைக்காரனுக்கும் ஒரே விகிதம் என்னும் பழைய முறையை விட்டு, வீட்டின் மதிப்பு ஏற ஏற விகிதமும் ஏறும்படி அதை அமைத்தார். ஆகவே மிக உயர்ந்த மதிப்புள்ள அரை விழுக்காடு கட்டடங்களே அவ்வரியில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைச் செலுத்த நேர்ந்தது. இதன் விசேஷம் இன்னொன்றில் இருக்கிறது. கடன் வாங்காமல் வரிப் பணத்தைக் கொண்டே கட்டியதால், வாடகையிலிருந்து அசலும் வட்டியும் மீட்க வேண்டிய அவசியம் நகரசபைக்கு ஏற்படவில்லை. பராமரிப்புக்குப் போதுமானதை வசூலித்தாலே போதும். தொழிலாளியின் சம்பளத்தில் நான்கைந்து விழுக்காடே வாடகையாயிற்று. ஐந்து வருஷத்தில் 25,000 வீடுகள் என்று 1923-இல் வகுத்த திட்டம் காலத்துக்கு முன்பே நிறைவேறி, 1934-க்குள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்துவிட்டன.

அவற்றுள் பெயர்பெற்றது, கார்ல் எஹ்ன் என்ற நகரசபைக் கட்டடக் கலைஞர் வரைந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப். 1930-இல் திறக்கப்பட்ட அந்த வளாகம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது, 1,382 வீடுகள். இருந்தும் மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கட்டடம் எழுப்பி, மிச்சத்தை மரங்கள் நிறைந்த முற்றங்களாக விட்டார்கள். சலவைக் கூடம், குளியற்கூடம், பாலர் பள்ளி, புத்தகசாலை, பல் வைத்தியசாலை எல்லாம் வளாகத்துக்குள்ளேயே இருந்தன. வீடுகள் சிறியவை, ஆனால் தண்ணீர்க் குழாயும் கழிப்பிடமும் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டன. அடுக்குக் கட்டடங்களுக்குப் பதில் தோட்டத்தோடு கூடிய சிறு வீடுகளே தொழிலாளிக்கு ஏற்றவை என்று வாதாடியவர்களும் உண்டு. பெரும் கட்டடக் கலைஞரான அடால்ஃப் லோஸ் அந்தக் கட்சி.

1934 பிப்ரவரியில் மூண்ட உள்நாட்டுச் சண்டையில் கார்ல் மார்க்ஸ் ஹோஃபின் மேல் பீரங்கிக் குண்டுகள் பாய்ந்தன. 1938-இல் நாஜிகள் வந்ததும், நகரசபை வீடுகளிலிருந்த யூதக் குடும்பங்கள் நகரசபையின் பேராலேயே வெளியேற்றப்பட்டன. பொதுச் சொத்து நல்லவர் கையில் இருக்கும்வரை நல்லது. அதிகாரம் கைமாறினால் சாவிக்கொத்தும் கைமாறுகிறது.

இக்காலத்து முறை சற்று வேறு. 1984-இல் அமைத்த நிலநிதி ஸ்தாபனம், தேவை வரும் முன்பே மனைகளை வாங்கி வைக்கிறது. 1995 முதல், பெரிய மனைகளில் கட்ட விரும்புவோருக்குள் போட்டி நடத்தப்படுகிறது. அதிக விலை கேட்பவருக்கு மனை என்ற ஏலமன்று அது: கட்டட அமைப்பு, செலவு, சுற்றுச்சூழல், குடிகளின் கூட்டுவாழ்வு ஆகியவற்றைச் சீர்தூக்கி நடுவர் குழு தேர்ந்தெடுக்கிறது. கட்டுவோரில் பலர், லாபத்துக்குச் சட்டத்தால் வரம்பு கட்டப்பட்ட வீட்டு சங்கங்கள். அடக்கச் செலவுக்கு மேல் அவை வாடகை கேட்க முடியாது. மிஞ்சும் பணம் மறுபடியும் வீட்டுக்கே போக வேண்டும். இவ்வீடுகளுக்கான நிதியின் ஒரு பகுதி, சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்றாக, தொழிலாளி பாதியும் முதலாளி பாதியும் செலுத்தும் தொகையிலிருந்து வந்தது. பெரிய நிலப்பரப்பைக் குடியிருப்பு மனையாக வகைமாற்றும்போது, மூன்றில் இரண்டு பங்கு உதவித்தொகை பெறும் வீடுகளுக்கு என்பது 2019 முதல் விதி. அப்பங்கின் மனை விலைக்கும் உச்சவரம்பு உண்டு.

குறையில்லாமல் இல்லை. நகரசபை வீட்டுக்கு மனுச் செய்ய, இரண்டு வருஷம் வியன்னாவில் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும் என்பது பொது நிபந்தனை. ஆகவே பிழைப்புத் தேடிப் புதிதாக வருகிறவன், வாடகை அதிகமான தனியார் வீட்டில்தான் முதலில் ஒண்ட நேர்கிறது. உதவி மிக வேண்டிய சமயத்தில் கதவை மூடும் இந்த நிபந்தனையை நியாயமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2004-க்குப் பின் நகரசபை தானே கட்டுவதை நிறுத்தியும் வைத்திருந்தது. 2019-இல் 120 வீடுகள் கொண்ட பார்பரா பிராம்மர் ஹோஃபைக் கட்டி முடித்து, அப்பணியை மறுபடி தொடங்கிற்று.

ஆனால் கட்டாமலிருந்த காலத்திலும், கட்டியிருந்த குடியிருப்புகளை அது விலைகூறி விற்றுவிடவில்லை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம், 2006-இல் தனக்குச் சொந்தமான வீடுகள் அனைத்தையும், சுமார் 48,000, ஓர் அந்நிய முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுத் தன் கடனை அடைத்தது. அதே நகரம் 2017-இல் புதிதாக ஒரு வீட்டு ஸ்தாபனத்தைத் தொடங்கி, முதல் வீட்டிலிருந்து மறுபடியும் கட்ட ஆரம்பித்தது.