ஊரை எழுதும் வகுப்பறை

நுழையும்முன்

அறிவு ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டுக்கொள்வது மட்டுமன்று. பலர் கூடி ஆராய்ந்து ஆக்கிக்கொள்வதும் ஆகும். பிறர் எழுதியதைப் படிக்கும் இடமாக மட்டுமே இருந்த வகுப்பறையை, மாணவர் கூடி எழுதும் இடமாகவும் மாற்றும் கருவி விக்கி. அதன் இயல்பையும் பயனையும் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூரை நெருங்குவோர் கண்ணில் முதலில் படுபவை தொழிற்சாலைகளின் நீண்ட கூரைகள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும், டைம்லரின் சரக்குந்து ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. இன்று திருப்பெரும்புதூர் – ஒரகடம் பகுதியைப் பற்றித் தேடுவோருக்கு முதலீடு, உற்பத்தி, ஏற்றுமதி ஆகியவை குறித்த செய்திகள் குறைவின்றிக் கிடைக்கின்றன.

ஆயினும் ஊர் என்பது ஆலைகள் மட்டுமன்று. திருப்பெரும்புதூர் வைணவ ஆசாரியர் இராமாநுசர் பிறந்த ஊர். இப்பகுதியில் கிடைத்த தாவரப் புதைபடிவங்களால், டைனோசர்கள் வாழ்ந்த காலத்துப் பாறைப் படிவு ஒன்று இவ்வூரின் பெயராலேயே புவியியலாளரால் வழங்கப்படுகிறது. ஆலைச் சுற்றுச்சுவர்களுக்கு அப்பால் ஏரிகளும் மதகுகளும் வரத்துக்கால்களும் இருக்கின்றன. அவற்றை எழுதி வைப்பவர் யார்? இக்கேள்விக்கு இங்குள்ள பள்ளிகளின் மாணவரே விடையாக முடியும். அதற்கு உதவும் கருவிகளுள் ஒன்றே விக்கி.

விக்கி என்னும் கூட்டெழுத்து

‘விக்கி விக்கி’ என்பது ஹவாய் மொழியில் ‘விரைவு’ என்று பொருள்படும் சொல். ஹொனலூலு வானூர்தி நிலையத்தில் ஓடிய விரைவுப் பேருந்தின் பெயரே அது. அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்காம், படிப்பவர் எவரும் திருத்தக்கூடிய இணையத்தளம் ஒன்றை 1995ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று தொடங்கியபோது அப்பெயரைச் சூட்டினார். அம்முறையைப் பின்பற்றி 2001ஆம் ஆண்டு சனவரி 15 அன்று விக்கிப்பீடியா தோன்றியது.

விக்கியை ஏனைய எழுத்து முறைகளிலிருந்து வேறுபடுத்துபவை மூன்று. முதலாவது, ‘தொகு’ என்னும் வசதி. படிப்பவர் அங்கேயே எழுதுபவராக மாறலாம். இரண்டாவது, ‘வரலாறு’, ஒவ்வொரு மாற்றத்தையும் எந்தப் பயனர், எப்போது, எவ்வாறு செய்தார் என்பது அழியாமல் பதிவாகிறது. பிழையான மாற்றத்தை நீக்கிப் பழைய நிலைக்கு மீட்கவும் இயலும். மூன்றாவது, ‘உரையாடல்’ பக்கம். கருத்து வேறுபாடு எழும்போது கட்டுரையின் பின்புலத்தில் வாதிட்டு முடிவுக்கு வரும் இடம் அது. வகுப்பறைக்கு மிகுதியும் பயன்படுபவை பின்னிரண்டுமே. விடைத்தாளில் முடிவு மட்டுமே தெரியும். விக்கியிலோ முடிவுக்கு வந்த வழியும் தெரியும்.

தமிழில் கலைக்களஞ்சியம்

அறிவைத் தொகுத்து வைக்கும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளையின் ‘அபிதான கோசம்’ 1902இல் வெளிவந்தது. தமிழாசிரியராகப் பணியாற்றிய ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு தனியே உழைத்துத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் வெளியாயிற்று. விடுதலைக்குப்பின் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, அறிஞர் பலரின் துணையுடன் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை உருவாக்கியது. அதன் முதல் தொகுதி 1954இலும் இறுதித் தொகுதி 1968இலும் வெளிவந்தன.

தனியொருவர் தொகுத்த நிலை, அறிஞர் குழு தொகுத்த நிலை என வளர்ந்த இம்மரபின் அடுத்த படியே 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அதன் தொடக்க காலம் முதல் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதி அதற்கு அடித்தளமிட்டார். தமிழ்நாடு, இலங்கை, புலம்பெயர் நாடுகள் எனப் பல இடங்களிலிருந்தும் தன்னார்வலர் இணைந்தனர். 2017ஆம் ஆண்டு மே மாதம் ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டிய அக்களஞ்சியம், இன்று ஒன்றரை இலட்சத்தைக் கடந்து வளர்ந்து வருகிறது.

கல்விக்கூடங்களும் இதில் பங்கேற்றுள்ளன. 2010இல் கோவையில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு, கல்லூரி மாணவருக்கான விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டியை நடத்தியது. அதன்வழி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் கிடைத்தன. 2017இல் தமிழ்நாட்டின் பள்ளி ஆசிரியர்களுக்கும் விக்கிப்பீடியாவில் எழுதும் பயிற்சி அளிக்கப்பட்டது.

தெரியுமா?
தமிழ் விக்கிப்பீடியாவின் பங்களிப்பாளர் கூடிக் கலந்துரையாடும் பொதுப்பக்கத்தின் பெயர் ‘ஆலமரத்தடி’. புதியவர் எழுதிப் பழகும் பக்கத்தின் பெயர் ‘மணல்தொட்டி’. ஊர் மன்றமும் மணலில் எழுதிப் பழகிய திண்ணைப் பள்ளியும் இப்பெயர்களால் நினைவுக்கு வருகின்றன.

மாறும் ஊர், மாறும் தொடர்

திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் செல்பேசி ஆலை 2006இல் தொடங்கியது. 2014ஆம் ஆண்டு நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. “இங்கு நோக்கியா செல்பேசிகள் தயாரிக்கப்படுகின்றன” என்னும் தொடர் 2013இல் உண்மை. ஈராண்டு கழித்து அதுவே பிழை. அச்சிட்ட நூலில் அத்தொடர் அடுத்த பதிப்புவரை அப்படியே நிற்கும். விக்கியில், மாற்றத்தை அறிந்தவர் சான்றுடன் அன்றே திருத்தலாம். நிகழ்காலம் இறந்தகாலமாக மாறும் அந்தச் சிறு திருத்தத்துக்குள், ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்த வரலாறும் அடங்கியிருக்கிறது. திருத்தும் மாணவர் இலக்கணத்தோடு தம் ஊரின் வரலாற்றையும் கற்கிறார்.

ஒரு பக்கம் உருவாகும் முறை

ஒரகடத்தை அடுத்த பள்ளி ஒன்றில், பதினோராம் வகுப்பு மாணவர் தம் ஊர் ஏரியைப் பற்றி ஒரு விக்கிப் பக்கம் எழுத முனைவதாகக் கொள்ளலாம். நால்வர் அல்லது ஐவர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, ஒரு குழு ஏரியின் அமைப்பையும், ஒரு குழு பாசன வரலாற்றையும், ஒரு குழு நீர்வாழ் உயிரினங்களையும், ஒரு குழு இன்றைய நிலையையும் எடுத்துக்கொள்கின்றன.

முதல் வரைவில், “எங்கள் ஏரி மிகப் பழமையானது, மிகவும் அழகானது” என்று ஒரு மாணவர் எழுதக்கூடும். மற்றொருவர் உரையாடல் பக்கத்தில், “எவ்வளவு பழமையானது? யார் சொன்னது?” என்று கேட்பார். அக்கேள்வி எழுதியவரைச் சான்றைத் தேடி அனுப்புகிறது. மாவட்ட விவரச் சுவடி, கல்வெட்டு ஆண்டறிக்கை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நூல், நாளிதழ் ஆகியவற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டியதாகிறது. திரும்பி வரும்போது ‘அழகானது’ என்னும் சொல் மறைந்து, கரையின் நீளமும் மதகுகளின் எண்ணிக்கையும் கலங்கல் அமைந்த திசையும் ஆயக்கட்டின் பரப்பும் அவ்விடத்தில் அமைகின்றன.

இதைவிடக் கடினமான கட்டமும் உண்டு. தந்தை ஆலையில் பணிபுரியும் மாணவர், “ஆலைகள் வந்தபின் ஊர் வளர்ந்தது” என எழுதலாம். தாத்தா உழுத நிலத்தை இழந்த மாணவர் அத்தொடரை அழித்து, “ஆலைகள் வந்தபின் ஊர் அழிந்தது” என எழுதலாம். இருவரும் தாம் கண்டதையே எழுதுகின்றனர். விக்கி வரலாற்றில் இருவர் எழுத்தும் பதிவாகியிருக்கும். மாறி மாறி அழிப்பதால் எவரும் வெல்வதில்லை. எனவே இருவரும் உரையாடல் பக்கத்தில் அமர்ந்தாக வேண்டும். எந்த ஆண்டில் எவ்வளவு நிலம் எடுக்கப்பட்டது, அதில் நன்செய் எவ்வளவு, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களுள் உள்ளூரார் எத்தனை பேர் எனத் தீர்ப்புச் சொற்களை விடுத்துத் தரவுகளை நாடுவர். ‘வளர்ந்தது’, ‘அழிந்தது’ ஆகிய இரு சொற்களும் நீங்கி, இருவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய நான்கு தொடர்கள் பிறக்கும். இதுவே விக்கி கூறும் நடுநிலை நோக்கு. நடுநிலை என்பது கருத்தின்றி இருப்பதன்று. மாற்றுக் கருத்துக்கும் அதற்குரிய இடத்தைச் சான்றின் அளவுக்கேற்ப வழங்குவதாகும்.

புணே தந்த பாடம்

விக்கியை வகுப்பறைக்குக் கொண்டுவரும் முயற்சிகள் எல்லாம் வென்றுவிடவில்லை. 2011இல் புணே நகரின் சில கல்லூரிகளில், மாணவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதுவது பாடத்தின் பகுதியாக்கப்பட்டது. நோக்கம் சிறந்ததே. ஆனால், மாணவர் பலர் நூல்களிலிருந்தும் இணையத்திலிருந்தும் எடுத்த பகுதிகளை அப்படியே ஒட்டினர். காப்புரிமையை மீறிய அப்பகுதிகளை நீக்க உலகெங்குமுள்ள தன்னார்வலர் பெரிதும் உழைக்க நேர்ந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் திட்டம் நிறுத்தப்பட்டது.

இத்தோல்விக்கு மாணவரை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. மாணவர் தொகை மிகுதி. வழிகாட்டுவோர் தொகையோ குறைவு. மதிப்பெண்ணுக்காகப் படியெடுத்து எழுதும் பழக்கம் ஒப்படைவுத் தாள்களில் வெளிப்படாமல் மறைந்திருக்கும். விக்கியில் அது உலகின் பார்வைக்கு வந்துவிட்டது. எனவே தொடங்கும்முன் ஒன்றைப் பழக வேண்டும்: மூலத்தைப் படித்து மூடி வைத்துவிட்டு, புரிந்துகொண்டதைச் சொந்தத் தொடரில் எழுதி, எங்கிருந்து அறிந்தது என்பதைக் குறிப்பிடுதல். கணினி ஆக்கித் தரும் உரைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். தான் சரிபார்க்காத தொடருக்கு ஒருவர் பொறுப்பேற்க இயலாது.

இரு வகைக் களங்கள்

ஏரியின் கதையை நூல்கள் முழுமையாகச் சொல்வதில்லை. எந்த மதகை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு முதலில் நீர் விடுவது என்பனவற்றை நீர்க்கட்டியாகப் பணிசெய்த முதியவரே அறிவார். ஆயினும் விக்கிப்பீடியாவின் விதிப்படி, வெளியிடப்பட்ட நம்பகமான சான்று இல்லாத செய்திக்கு அங்கு இடமில்லை. பாட்டி சொன்னார் என்பது அங்குச் சான்றாகாது. உலகெங்கும் உள்ள அறிமுகமற்ற படிப்பவரும் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அவ்விதியின் நோக்கம்.

இதனால் முதியோர் அறிவு வீணாக வேண்டுவதில்லை. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக் கணினியிலும் நிறுவலாம். இணைய இணைப்பு இல்லாமலேயே கணினி ஆய்வகத்தின் உள் வலையமைப்பில் அது இயங்கும். அவ்வாறு அமையும் பள்ளி விக்கியில், சொன்னவரின் ஒப்புதலுடன் வாய்மொழிச் செய்திகளை நாள் குறித்துப் பதியலாம். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அதைத் தொடரலாம். சான்றுடன் நிறுவப்பட்ட பகுதிகளை மட்டும் பொதுவான விக்கிப்பீடியாவுக்குக் கொண்டுசெல்லலாம். மதகு, கலங்கல் ஆகியவற்றை மாணவரே எடுத்த ஒளிப்படங்களை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். பொதுக்களத்தில் எழுதும்போது தொலைபேசி எண், முகவரி முதலிய தனிச் செய்திகளை வெளியிடாமல் புனைபெயரில் இயங்குவது பாதுகாப்பானது.

ஆசிரியரின் பணி

விக்கி வந்தால் ஆசிரியரின் பணி குறையும் எனக் கருதுவது பிழை. அப்பணியின் தன்மையே மாறுகிறது. விடை கூறுபவராக மட்டுமன்றி, கேள்வியைக் கூர்மையாக்குபவராகவும் அவர் விளங்குகிறார். குழுவில் ஒருவரே எல்லாவற்றையும் எழுத ஏனையோர் வாளாவிருப்பதை வரலாற்றுப் பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். ஆயினும் தட்டச்சில் வேகமுடையவரே நன்கு கற்றவர் என்று கொள்ளலாகாது. வீட்டில் கணினி இல்லாத மாணவர் களத்துக்குச் சென்று மதகை அளந்து வந்திருக்கலாம். முதியவரிடம் பேசி வந்திருக்கலாம். அவ்வுழைப்பையும் மதிப்பிடுபவரே ஆசிரியர். எழுதிய சொற்களின் எண்ணிக்கையைவிட, கேட்ட கேள்வியும் ஏற்றுக்கொண்ட திருத்தமும் கற்றலை நன்கு காட்டும்.

திருப்பெரும்புதூர்ப் பகுதியின் பள்ளிகளில், பல தலைமுறைகளாக அங்கு வாழும் குடும்பத்துப் பிள்ளைகளும் வேலை தேடி வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் பயில்கின்றனர். ஒருவருக்கு ஏரி நினைவு. மற்றவருக்கு ஆலை வாழ்வு. இருவரும் ஒரே பக்கத்தைத் தொகுக்கும்போது, அந்த ஊர் இருவருக்கும் உரியதாகிறது. சாலைகள் அகலமாகும்; ஆலைகள் வரும், போகும். ஊரின் நினைவை அவ்வூர் மாணவர் எழுதாவிடில், எஞ்சுவது தொலைவிலிருந்து பிறர் எழுதியது மட்டுமே. அதை முழுமையாக்கும் வாய்ப்பு ‘தொகு’ என்னும் ஒரு சொல்லில் காத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் நீர்நிலை ஒன்றைப் பற்றிப் பத்துத் தொடர்கள் எழுதுக. ஒவ்வொரு தொடருக்கும் உரிய சான்று எது எனக் குறிப்பிடுக.
2. “ஆலைகளால் ஊர் வளர்ந்தது” – “ஆலைகளால் ஊர் அழிந்தது” என்னும் இரு தொடர்களையும் நடுநிலையான தொடர்களாக மாற்றிக் குழுவில் கலந்துரையாடுக.
3. தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊர் பற்றிய பக்கத்தைப் படித்து, அதில் திருத்த வேண்டியவற்றைப் பட்டியலிடுக.