கொக்கின் வெள்ளை எவ்வளவு வெள்ளை?

வயல் வரப்பில் உட்கார்ந்திருக்கும் மடையானை மண்ணிலிருந்து பிரித்துப் பார்ப்பதே சிரமம். பழுப்புக் கோடுகளோடு சேற்றோடு சேறாக ஒடுங்கியிருக்கும். ஆள் நெருங்கினால் எழும்பும்; எழும்பிவிட்டால் இறக்கை இரண்டும் பளீர் வெள்ளை. பறவைப் படம் எடுக்கப் பழகுகிறவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த நொடியில்தான். உட்கார்ந்திருந்த பறவைக்குப் பொருத்தமாக வைத்த எக்ஸ்போஷர் பறக்கும் பறவைக்கு அதிகமாகிவிடுகிறது. முதுகு அழகாகப் பதிந்திருக்கும். இறக்கையில் ஒரு இறகுகூடத் தனியாகத் தெரியாது. ‘வெள்ளை பர்ன் ஆயிடுச்சு’ என்பார்கள் காமிராக்காரர்கள்.

காமிராவின் மீட்டருக்குப் பறவை தெரியாது. எதிரே உள்ள காட்சியிலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்பது மட்டும் தெரியும். அந்தக் காட்சி சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று அது எடுத்துக்கொள்கிறது. விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்பது புகைப்படக்காரர்களின் பழைய கணக்கு. எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைக்கிற தையல்காரரைப் போலத்தான் இது. கொக்கின் இறகு திருப்பி அனுப்பும் ஒளி அந்தச் சாம்பலைவிட நாலு மடங்குக்கும் மேல். கொக்கு படத்தை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றால், மீட்டர் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். அண்டங்காக்கை அடைத்துக்கொண்டு நின்றால் அதையும் வெளுத்துச் சாம்பலாக்கும். இன்றைய காமிராக்கள் பறவையின் கண்ணையே கண்டுபிடித்து ஃபோகஸ் செய்கின்றன. வெளிச்ச விஷயத்தில் மட்டும் இந்தப் பழைய பழக்கம் இன்னும் முழுதாக விடவில்லை.

‘வெள்ளைப் பறவைக்கு பிளஸ், கறுப்புப் பறவைக்கு மைனஸ்’ என்று, அதாவது மீட்டர் சொல்வதைவிட எக்ஸ்போஷரைக் கூட்டவும் குறைக்கவும், எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். ஆனால் இந்தச் சூத்திரத்தை மட்டும் நம்பி வேடந்தாங்கலுக்குப் போனால் ஏமாற்றம்தான். அங்கே கொக்கும் கரண்டிவாயனும் உட்காருவது ஏரித் தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில். கரையிலிருந்து பார்த்தால் படத்தில் பறவை சின்னது. சுற்றிலும் கரும்பச்சை இலையும் நிழல் விழுந்த தண்ணீரும். காட்சி இருட்டு என்று முடிவுசெய்யும் மீட்டர் எல்லாவற்றையும் சேர்த்து வெளிச்சமாக்கும். பச்சை நன்றாக வரும், கொக்கு எரிந்துபோகும். இங்கே தேவை மைனஸ். அதே கொக்கு மரத்தைவிட்டு வானத்துக்கு ஏறியதும் பின்னணி வெளுத்துவிடுகிறது. மீட்டர் பயந்துபோய் எல்லாவற்றையும் கறுக்கடிக்கிறது. இப்போது பிளஸ். இத்தனைக்கும் கொக்கின் மேல் விழுந்த வெயில் ஒரு துளிகூட மாறவில்லை.

மாறாத வெயிலுக்கு மாறாத எண்தான் சரி. அனுபவசாலிகள் மேனுவலுக்குப் போவது இதற்காக. தெளிந்த வெயிலில் அப்பர்ச்சர் எஃப்16 என்றால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழ் என்று ஃபிலிம் காலத்து விதி ஒன்று உண்டு. ஐஎஸ்ஓ 400-க்கு அதை மாற்றிப் போட்டால் எஃப்8-இல் 1/1600 வினாடி. வெள்ளைப் பறவை என்றால் இன்னும் ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது ஒளியைப் பாதியாக்கி, 1/3200. விடிகாலைக்கும் மேகத்துக்கும் இது பொருந்தாது. ஆனால் ஒன்பது மணி வெயிலில் மடையான் எழும்பும்போது யோசிக்க நேரமில்லாதவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. உட்கார்ந்திருக்கும்போதே, வரப்போகும் வெள்ளைக்கு எண்ணை வைத்துவிட வேண்டும். பழுப்பு முதுகு கொஞ்சம் இருண்டு வரும். வரட்டும், அதைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். எரிந்த வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

காரணம் எளிது. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஓரளவு ஒளியைத்தான் பிடித்துவைக்கும். நிரம்பிய பிறகு வரும் ஒளிக்குக் கணக்கில்லை. நிழலில் கிடப்பது இரைச்சலோடாவது மிஞ்சும். அதைத் தூக்கிவிட, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில்தான் இடம் அதிகம்: 14 பிட் என்றால் 16,384 படிகள், ஜேபெக்கில் வெறும் 256. எரிந்ததா இல்லையா என்பதைக் காமிராவின் பின்திரையைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. வெயிலில் அது இருட்டாகவும், மறைவிடத்துக்குள் பளிச்சென்றும் தெரியும். எந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் ஹிஸ்டோகிராமைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் வகையை. பொன்முதுகு மரங்கொத்தியின் கொண்டையில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். பொதுவான ஹிஸ்டோகிராம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும்.

அழகுக்காக மட்டும் இவ்வளவு மெனக்கெடவில்லை. பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரித்தறிய ஒரு நல்ல அடையாளம், வாயோரத்துக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகிறதா என்பது. முகம் எரிந்த படத்தில் அந்தக் கோடும் போய்விடும். அதன் பிறகு பறவை ஆர்வலர் குழுவில் நடக்கும் இனம்காணும் விவாதம் வெறும் யூகம்.

படம் சரியாக எடுத்தாயிற்று, இனி அனுப்ப வேண்டியதுதானே என்றால், பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். ஜேபெக் கோப்பில் இருப்பது வெளிச்சம் இல்லை, 0 முதல் 255 வரை எண்கள். ஹெச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996-இல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி முறைப்படிதான் இன்றும் பெரும்பாலான படங்கள் பரிமாறப்படுகின்றன. அதில் 128 என்ற எண் பாதி வெளிச்சம் இல்லை. உச்சத்தில் சுமார் 22 சதவீதம்தான். பாதி வெளிச்சம் வேண்டுமானால் 188-க்குப் போக வேண்டும். நம் கண் இருட்டுப் பக்கத்து வித்தியாசங்களை நுணுக்கமாகப் பார்ப்பதால், எண்களில் பெரும்பங்கை அந்தப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

சரி, உச்சம் என்பது எவ்வளவு? எஸ்ஆர்ஜிபி மனதில் வைத்திருந்த திரையின் உச்சம் 80 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு), அதுவும் மங்கலான அறையில். வெயிலில் 1000 நிட்டைத் தாண்டும் கைப்பேசிகள் இப்போது கடைவீதியெங்கும் கிடைக்கின்றன. இரவில் படுக்கையில் அதே திரை சில நிட்டுகளுக்கு இறங்கிவிடும். ஆக நீங்கள் அனுப்பிய ஒரே கொக்கை, ஒருவர் இன்னொருவரைவிட நூறு மடங்குக்கும் மேலான வெளிச்சத்தில் பார்க்கக்கூடும். கண் பழகிக்கொள்வதால் வெள்ளை அநேகமாகத் தப்பித்துவிடும். மாட்டிக்கொள்வது கறுப்பு. கண்ணாடியில் படும் வெளிச்சம் கறுப்பின் மேல் சாம்பல் திரையாகப் படிந்து, கரிச்சான் குருவியின் இறகு வரிகளை மூழ்கடிக்கும்.

கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்த மா. கிருஷ்ணன் காலத்தில் இந்தத் தொல்லை வேறு மாதிரி இருந்தது. காகிதத்தில் அச்சான படமும் அதைச் சுற்றியுள்ள சுவரும் ஒரே விளக்கொளியில் இருக்கும். எது வெள்ளை என்பதைக் கண் அறையோடு ஒப்பிட்டே தெரிந்துகொள்ளும். திரை தன் வெளிச்சத்தைத் தானே கொண்டுவருகிறது. கடையில் வாங்கிய மானிட்டரை முழு வெளிச்சத்தில் வைத்துப் படத்தைத் திருத்துகிறவர், கண் கூசுவதால் தன்னையறியாமல் படத்தை இருட்டாக்குவார். அச்சுக்குக் கொடுத்தால் கறுத்து வரும், பழி அச்சகத்தின் மேல் விழும். திருத்தும்போது மானிட்டரை 80-லிருந்து 120 நிட்டுக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். படத்தைச் சுற்றிக் கறுப்புப் பின்னணி இருந்தால் படம் உள்ளதைவிட வெளிச்சமாகத் தோன்றும் என்பதால் சாம்பல் பின்னணி நல்லது. கொக்கின் வெள்ளையைக் கண்ணால் எடைபோடாமல், கர்சரை அதன் மேல் வைத்து எண்ணைப் படியுங்கள். 235-லிருந்து 245 வரை இருந்தால் வெள்ளையும் வெள்ளை, இறகும் இறகு. அடோபி ஆர்ஜிபியில் வேலை செய்கிறவர்கள் அனுப்புமுன் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட வேண்டும். போகும் வழியில் நிறக்குறிப்பு உதிர்ந்தால் நிறங்கள் சோகை பிடித்துப்போகும்.

புதிதாக ஒரு தலைவலியும் வந்திருக்கிறது. 2023-இல் வெளியான ஆண்ட்ராய்டு 14 முதல், அந்த வகைக் கைப்பேசிகளில் எடுக்கும் ஜேபெக் படத்துக்குள் இன்னொரு சிறிய வரைபடத்தையும் சேர்த்து வைக்கும் வசதி வந்தது. எந்த இடத்தில் திரையை வழக்கத்தைவிட அதிகமாக ஒளிரவிட வேண்டும் என்று அது சொல்லும். எடுத்தவர் கைப்பேசியில் மீன்கொத்தியின் முதுகு நீலமாகத் தகதகக்கும். அனுப்பும் வழியில் அந்த வரைபடத்தைச் செயலி களைந்துவிட்டால், பெற்றவருக்கு வருவது தட்டையான சாதாரணப் படம். ‘நான் அனுப்பியது இது இல்லையே’ என்று எடுத்தவர் கோபிப்பதில் நியாயம் உண்டு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போய்ச் சேரும். அதைக் காட்டத் தெரிந்த திரை மறுமுனையில் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

யார் திரை சரி என்ற சண்டை குழுவில் வந்தால், கறுப்பு வெள்ளை மீன்கொத்தியின் நல்ல படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் ஒரே உடம்பில், ஒரே வெயிலில் இருக்கும் பறவை அது. மார்பின் வெள்ளையில் இறகு தெரிந்து, கறுப்புப் பட்டையில் ஒன்றும் தெரியாவிட்டால் முதலில் கைப்பேசியின் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். இல்லையென்றால் நிழலுக்குள் போய்ப் பாருங்கள். அப்போதும் தெரியவில்லையென்றால் அனுப்பியவரிடம் ரா கோப்பு கேட்கலாம்.