தேரி மணலில் ஒரு முதல் ஊர்

கோர்படியில் வாழும் நம் குடும்பத்தாரில் பலர், சொந்த ஊர் எதுவென்று கேட்டால், "திருநெல்வேலிப் பக்கம்" என்று சொல்லி நிறுத்திவிடுகின்றனர். இங்கேயே பிறந்து மராத்தி பேசி வளரும் பிள்ளைகளுக்கு அந்தப் "பக்கம்" விடுமுறையில் கண்டு வரும் வெயிற்காடு மாத்திரமே. ஆகையால் அப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றைக் குறித்து இம்மாதம் எழுதுகிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளத்திற்கு அருகே உள்ளது முதலூர். பெயரே அதன் சரித்திரம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வட்டாரத்தில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட பனையேறிக் குடும்பங்கள், தங்கள் ஊர்களிலே நிம்மதியாய்த் தங்க இயலாதபடி ஒடுக்கப்பட்டன. அவர்களுக்காகத் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார், எவரெட் என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவரின் உதவியோடு நிலம் வாங்கி, 1799-இல் ஒரு குடியிருப்பை உண்டாக்கினார். முதலில் குடியேறியோர் 28 பேர். பாளையங்கோட்டையில் குளோரிந்தா கட்டிய ஆலயம் 1785-லேயே இருந்தது. எனவே முதல் சபை இதுவன்று. கிறிஸ்தவர்களுக்கென்றே உண்டான முதல் ஊர் என்பதே பெயரின் பொருள். நாசரேத், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் ஆகியவை பின்னர் தோன்றின.

இதை நம் பிள்ளைகள் அறிதல் நலம். நாம் "பூர்வீகம்" என்று கருதும் ஊரே, வீடிழந்து வந்தவர்கள் புதிதாய்க் குடியேறிய இடம். பிழைப்புத் தேடிப் புனேக்கு வந்த தாத்தாக்கள் தங்கள் குடும்பத்தில் இடம்பெயர்ந்த முதல் தலைமுறையினர் அல்லர்.

அவர்களுக்குக் கிடைத்த நிலமோ செழிப்பானதன்று. அவ்வட்டாரத்தின் தேரி மணல் இரும்புச் சத்தினால் சிவந்தது. ஆனி, ஆடிக் காற்றில் இடம் மாறிக் குவிவது. மழை குறைவு. அங்கே நிலைத்து நின்றது பனை ஒன்றே. காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குவர். பெண்கள் விடிலியின் அனலில் நின்று அதைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவர். பள்ளிக்கூடமும் ஆலயமும் எழும்பியது அந்த உழைப்பின்மேல்தான். இன்று மரங்கள் நிற்கின்றன, ஏறுவோர் அருகிவிட்டனர். பூட்டிய வீடுகள் பல.

முதலூரைப் பிற ஊரார் அறிவது மஸ்கோத் அல்வாவினால். மைதாவைக் கரைத்தெடுத்த பாலும் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து, நெய் ஊற்றாமல், தேங்காய்ப்பாலில் பிரியும் எண்ணெயிலேயே கிண்டுவது அது. திருநெல்வேலிக் கோதுமை அல்வாவைவிட இதுவே மேல் என்பது என் கட்சி.

அருகேயுள்ள இடையன்குடியையும் பார்த்து வரலாம். 1841-இல் அங்கு வந்த கால்டுவெல் ஐயர் நேரான தெருக்களை வகுத்ததும், 1880-இல் பிரதிஷ்டையான ஆலயத்தைக் கட்டியதும் இன்றும் கண்ணால் காணக்கூடியவை. அவருடைய கல்லறையும் அவ்வாலயத்திலேயே உள்ளது.

மும்பையிலிருந்து புனே வழியாய் நாகர்கோவிலுக்குச் செல்லும் ரயிலில் ஏறித் திருநெல்வேலியில் இறங்கினால், சாத்தான்குளத்திற்குப் பேருந்து உண்டு. சித்திரை மாதம் பதநீர்க் காலம். வெயில் ஏறுமுன் கேட்க வேண்டும்.