பள்ளத்தாக்கில் எந்தச் சுவரில் பூ?

ஸ்பெயினின் பிரனீஸ் மலைகளில், ஓர்தேசா போன்ற சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்குகளில் ரமோண்டா பூவைத் தேடுகிறவர்கள் வெயிலடிக்கும் பக்கம் போய் நேரத்தை வீணாக்குவதில்லை. வடக்கு நோக்கிய சுவர்தான் குறி. பாசி படிந்த வெடிப்பில், சுருக்கம் விழுந்த இலைகள் வட்டமாகப் பாறையோடு அப்பிக் கிடக்கும். லேசாகத் தூக்கிப் பார்த்தால் அடியில் பழுப்பு ரோமம். கோடைத் தொடக்கத்தில் நடுவிலிருந்து மெல்லிய காம்பு எழும். அதன் நுனியில் ஊதாப் பூ, நடுவே மஞ்சள் மகரந்தப் பைகள்.

ஏன் அங்கே மட்டும்? இதன் குடும்பத்தில் பெரும்பாலானவை வெப்பமண்டலத்துச் செடிகள். தொட்டியில் வளர்க்கிறோமே ஆப்பிரிக்க வயலெட், அதுவும் இதற்குச் சொந்தம்தான்! பனியுகங்களில் ஐரோப்பா உறைந்தபோது, நிழலும் ஈரமும் உள்ள இப்படிப்பட்ட இடுக்குகளில்தான் இது பிழைத்துக் கிடந்தது. போதாக்குறைக்கு, செங்குத்துப் பாறை ஆடுகளின் வாய்க்கும் எட்டாது.

மழை பொய்த்தால்? இலை அப்பளமாய்க் காய்ந்து சுருண்டுவிடும், சாகாது. நீர் வற்றும்போது செல்லுக்குள் சர்க்கரை சேர்ந்து, சவ்வுகள் சிதையாமல் தாங்கிக்கொள்கிறது. அதனால் ஆகஸ்டில் போகிறவர் சருகென்று நினைத்துக் கடந்துவிடக்கூடும். நல்ல மழை ஒன்று பெய்யட்டும், சில நாட்களில் அதே இலை விரிந்து பச்சையாகிவிடும்.