சேவலைக் கொல்லாதீர்கள்!

கடையில் வாங்கும் வெள்ளை முட்டையை அடை வைத்தால் குஞ்சு பொரிக்குமா? பொரிக்காது. பண்ணைகளில் பெட்டைக் கோழிகள் சேவலின் சேர்க்கை இல்லாமலேயே முட்டையிடுகின்றன. குஞ்சு வேண்டுமானால் சேவலும் வேண்டும். இது தெரியாதா என்று கிராமத்து வாசகர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் 1957-இல் உலகை வலம்வந்த ஒரு கொள்ளைநோயை எதிர்கொள்ள, இந்தச் சின்ன விஷயத்தை ஒருவர் சரியான நேரத்தில் நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் பெயர் மாரிஸ் ஹில்மன். அமெரிக்க இராணுவத்தின் வால்டர் ரீட் ஆராய்ச்சி நிலையத்தில் வைரஸ்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஏப்ரல் 17 அன்று நாளிதழில் ஒரு செய்தியைப் படித்தார். ஹாங்காங்கில் ஆயிரக்கணக்கானோர் காய்ச்சலுடன் மருத்துவ உதவிக்காக வரிசையில் நிற்கிறார்கள் என்பது செய்தி. நாம் படித்திருந்தால் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்போம். அவரோ கிழக்காசியாவிலிருந்து நோயாளியின் மாதிரியை வரவழைத்தார். கிடைத்த வைரஸைப் பலருடைய இரத்தத்துடன் சேர்த்துச் சோதித்தார். அதை எதிர்க்கும் சக்தி ஏறக்குறைய ஒருவரிடமும் இல்லை. 1889-90-இல் பரவிய பெரும் புளூவின்போது வாழ்ந்த சில முதியவர்களிடம் மட்டுமே இருந்தது.

ஏன் இப்படி? புளூ வைரஸின் மேற்பரப்பில் இரண்டு வகைப் புரதங்கள் முட்களைப் போல் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நம் உடல் அந்த வைரஸை அடையாளம் காண்பது இவற்றைக் கொண்டுதான். ஆண்டுதோறும் இவை சிறிது சிறிதாக மாறும். அது பெரிய ஆபத்தல்ல. இவ்வைரஸின் மரபுச் செய்தி எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருப்பதுதான் வம்பு. மனிதப் புளூவும் பறவைப் புளூவும் ஒரே உயிரணுவுக்குள் புகுந்துவிட்டால், இரண்டு சீட்டுக்கட்டுகளைச் சேர்த்துக் கலைத்தாற்போல் துண்டுகள் கலந்து புது வைரஸ் பிறக்கலாம். 1957-இன் வைரஸ் அப்படிப் பிறந்ததே. அதன் மூன்று துண்டுகள் பறவை வைரஸிலிருந்து வந்தவை. இரண்டு முட்களுக்கான துண்டுகளும் அவற்றில் அடக்கம்.

இனித் தடுப்பூசிக்கு வருவோம். வைரஸ் உயிருள்ள அணுக்களுக்குள்தான் பெருகும். பத்து, பதினொரு நாள் அடையிலிருந்த முட்டையை விளக்கின்முன் பிடித்து, கரு உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓட்டில் சிறு துளையிட்டு, கருவைச் சூழ்ந்த திரவத்தில் வைரஸைச் செலுத்துவார்கள். இரண்டு மூன்று நாளில் அது கோடிக்கணக்கில் பெருகிவிடும். திரவத்தை எடுத்துத் தூய்மை செய்து, வைரஸைச் செயலிழக்கச் செய்தால் தடுப்பூசி. சுமாராக ஓர் ஊசிக்கு ஒரு முட்டை. நான்கு கோடி ஊசிகளுக்கு எத்தனை முட்டை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

பொரிப்புக் காலம் முடிந்ததும் சேவல்களைக் கொன்றுவிடுவது அமெரிக்கப் பண்ணைக்காரர்களின் வழக்கம். மான்டானா மாநிலத்துப் பண்ணையில் கோழிகளோடு வளர்ந்த ஹில்மனுக்கு இது தெரியும். சேவல்களைக் கொல்ல வேண்டாமென்று பண்ணைக்காரர்களுக்குச் சொல்லும்படி மருந்துக் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டார். செப்டம்பரில் பள்ளிகள் திறக்கும்போது நோய் பரவும் என்றும் மே மாதத்திலேயே எச்சரித்தார். அப்படியே நடந்தது. ஆண்டின் இறுதிக்குள் சுமார் நான்கு கோடி ஊசிகள் தயாராயின. இருந்தும் அக்டோபரில் நோய் உச்சத்தை அடைந்தபோது பெரும்பாலான அமெரிக்கர்கள் ஊசி போட்டுக்கொண்டிருக்கவில்லை. உலகெங்கும் இறந்தோர் சுமார் 11 லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள்.

நம் நாட்டுக்குள் அந்நோய் சென்னைத் துறைமுகத்தின் வழியாக நுழைந்தது. மே மாதத்தில் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வந்த கப்பலில் நோயாளிகள் இருந்தார்கள். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இயங்கிய இன்ஃபுளூயன்சா மையம் வைரஸை ஆராய்ந்தது. ஆனால் நோய் காத்திருக்கவில்லை. பதிவானவர்கள் மட்டும் 44 லட்சத்துக்கு மேல்.

இதில் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. அந்த வைரஸ் பிப்ரவரியிலேயே சீனாவில் தலைகாட்டிவிட்டது. சீனா அப்போது உலகச் சுகாதார நிறுவனத்தில் பங்கு பெறாததால் வெளியே செய்தி வரவில்லை. அந்த இரண்டு மாதமும் கையிலிருந்தால்?

இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் புளூ மாதிரிகளைச் சேகரித்து அனுப்புகின்றன. ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், நிபுணர்கள் கூடி அடுத்த தடுப்பூசிக்கு எந்த வைரஸ் என்று முடிவு செய்கிறார்கள். ஆனால் மாதிரி கொடுக்கும் ஏழை நாட்டுக்கு ஊசி கிடைக்கிறதா? 2007-இல் இந்தோனேசியா இதே கேள்வியைக் கேட்டுப் பறவைப் புளூ மாதிரிகளைத் தர மறுத்தது. பலர் அதைக் குறைகூறினார்கள். என்னைக் கேட்டால், கேள்வி நியாயமானது. 2011-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, மாதிரிகளால் பயன்பெறும் கம்பெனிகள் பணமும், கொள்ளைநோய்க் காலத்தில் ஊசிகளில் ஒரு பங்கும் தர வேண்டும்.

இன்னொரு சிக்கல் பாக்கி இருக்கிறது. பறவைப் புளூவே மனிதரிடம் பரவத் தொடங்கினால், அதே வைரஸ் பண்ணைக் கோழிகளையும் கூட்டம் கூட்டமாகக் கொல்லும். பெட்டையும் போகும், சேவலும் போகும். ஆகவே தொட்டிகளில் வளர்த்த உயிரணுக்களில் தடுப்பூசி தயாரிக்கிறார்கள். 2020-இல் கோவிட் ஊசியை ஓராண்டுக்குள் தந்த ஆர்.என்.ஏ. முறையையும் புளூவுக்குச் சோதித்திருக்கிறார்கள். ஆனாலும் புளூ தடுப்பூசியில் பெரும்பகுதி இன்னும் முட்டையில்தான் தயாராகிறது.