யாழ்ப்பாணத்துச் சிறு தோட்டங்களில் முயலும் ஆடும் வளர்த்தல்

இரண்டு பரப்பு, மூன்று பரப்புக் காணியுடைய கமக்காரர் பலர், அங்கோரா முயலை வளர்த்து அதன் உரோமத்தை விற்றுப் பணம் பெறலாமா என்று வினவுகின்றனர். முயல் சிறிய பிராணி, கொஞ்ச இடமே போதும், விரைவாகப் பெருகும், உரோமத்துக்கோ வெளிநாடுகளில் நல்ல விலையுண்டு என்று கேள்விப்பட்டதனால் இந்த ஆசை எழுகிறது. ஆசை நியாயமானதே. ஆயினும் பணத்தைச் செலவு செய்யுமுன்னர் இப்பிராணியின் இயல்பையும் எமது குடாநாட்டின் இயல்பையும் ஒப்புநோக்குதல் அவசியம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். அங்கோரா என்பது துருக்கி நாட்டின் அங்காரா நகரின் பழைய பெயர். அப்பெயரால் வழங்கும் ஆடும் உண்டு, முயலும் உண்டு. ஆட்டின் உரோமம் மொகேர் எனப்படும். அங்கோரா உரோமம் என்று வியாபாரத்தில் வழங்குவது முயலின் உரோமமே. அது மிக மெல்லியது. ஓரிழையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் எழுபதில் ஒரு பங்கு அல்லது எண்பதில் ஒரு பங்கு மாத்திரமே. ஏறக்குறைய இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை கத்தரிக்கப்படும். குளிர்நாட்டில் நன்கு பேணப்படும் சேர்மன் அங்கோரா முயலொன்று ஆண்டில் ஒரு கிலோவும் அதற்கு மேலும் உரோமம் தரும்.

வெப்பமும் முயலும்

முயலுக்கு வியர்வை மூலம் உடலைக் குளிர்விக்கும் வசதி இல்லையென்றே சொல்லலாம். நீண்ட செவிகளின் வழியாகவும் மூச்சின் வழியாகவுமே அது தன் வெப்பத்தைப் போக்கிக்கொள்ளுகிறது. 15 முதல் 25 பாகை செல்சியசு வரையான வெப்பநிலையில் அது சுகமாக வாழும். 30 பாகையைக் கடந்தால் மேல்மூச்சு வாங்கும். தீன் உண்பது குறையும். ஆண் முயலின் விந்து பழுதுற்று, வெப்பம் தணிந்த பின்னரும் ஆறு, எட்டு வாரங்களுக்கு இனச்சேர்க்கை பயனற்றுப் போவதுண்டு. 35 பாகையை அணுகினால் முயல் இறந்தும் போகலாம். இது சாதாரண முயலின் நிலை. கம்பளி போர்த்தியது போன்ற அங்கோரா முயலின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

யாழ்ப்பாணத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் வெப்பம் 33, 34 பாகை வரை ஏறுகிறது. இராக் காலத்திலும் கடற்காற்றின் ஈரத்தால் உடல் ஆறுவதில்லை. இந்தியாவில் அங்கோரா முயல்கள் வளர்க்கப்படுவது இமாலய மலைச் சரிவுகளிலேயே. இந்திய அரசின் மத்திய செம்மறியாடு, உரோம ஆராய்ச்சி நிறுவனம் குலு பள்ளத்தாக்கில் கார்சா என்னுமிடத்தில் அவற்றைப் பேணிவருகிறது. அதே நிறுவனத்தின் தென்பகுதிக் கிளை 1965 ஆம் ஆண்டில் கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் அமைக்கப்பட்டது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 2,000 மீற்றர் மேலே, தமிழ்நாட்டின் குளிர்ந்த மூலைகளுள் ஒன்றான அவ்விடத்திலுங்கூட, வெள்ளை ஜயன்ற், சோவியத் சிஞ்சில்லா ஆகிய இறைச்சி முயல்களே பெயர்பெற்றவை.

விற்பனையின் நிலையும் முன்போலில்லை. சீனாவில் முயலை உயிருடன் கட்டிவைத்து உரோமம் பறிக்கும் கொடுமை 2013 ஆம் ஆண்டில் படமாக வெளிவந்தபின், மேல்நாட்டுப் பெரிய உடை வியாபாரிகள் பலர் அங்கோரா உரோமம் வாங்குவதை நிறுத்திவிட்டனர்.

ஆகவே உரோமத்தை நம்பி யாழ்ப்பாணத்தில் அங்கோரா முயலில் முதலிட வேண்டாம் என்பதே எமது ஆலோசனை. எவரேனும் ஒரு சோடியைப் பெரும் விலை சொல்லி விற்க முன்வந்தால், அவரது உரோமத்தை யார் வாங்குகின்றனர் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

குட்டை உரோம முயல்கள்

முயல் வளர்க்கவே விரும்புவோர் குட்டை உரோமமுள்ள முயல்களை இறைச்சிக்காகவும் எருவுக்காகவும் சிறிய அளவில் வளர்க்கலாம். இவை எமது பற்றைகளில் ஓடும் காட்டு முயலின் இனத்தவையல்ல. காட்டு முயலின் குட்டி உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் வெறும் நிலத்திலே பிறக்கிறது. வீட்டு முயலின் குட்டியோ உரோமமின்றிக் கண்மூடிப் பிறந்து, கூட்டின் சூட்டிலே வளர்கிறது. ஆதலால் ஈனுவதற்கு மறைவான பெட்டி இன்றியமையாதது.

ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் தொடக்கத்துக்குப் போதும். ஒவ்வொன்றையும் தனிக் கூட்டில் விடுங்கள். இரண்டரை அடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட கூட்டைப் பனஞ்சிலாகையாற் சட்டமிட்டு, கம்பி வலை அடித்து, நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் நிறுத்துங்கள். கூரைக்குத் தகரம் உதவாது; கிடுகோ பனையோலையோ போடுங்கள். வேம்பு அல்லது மாமர நிழல் கிடைத்தால் நன்று. சோளகக் காற்று உள்ளே நுழையவும், வாடைக் காற்றும் மாரி மழையும் தட்டியால் மறைக்கப்படவும் தக்கதாகக் கூட்டின் முகத்தைத் திருப்பி வையுங்கள். கூட்டின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பாம்பு, கீரி, மரநாய் ஆகியவற்றுக்கு வலையில் இடைவெளி விடக்கூடாது.

கடும் வெயில் நாட்களில் நண்பகலில் கூரைமேல் ஈரச் சாக்கு விரியுங்கள். வெப்பத்தால் சோர்ந்து கிடக்கும் முயலின் செவிகளைத் தண்ணீரால் நனைக்க வேண்டும். முயலைத் தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது. கார்த்திகை முதல் மாசி வரையான குளிர்ந்த மாதங்களே இணை சேர்ப்பதற்கு உகந்தவை. பெண்ணை ஆணின் கூட்டுக்குக் கொண்டுசெல்லுங்கள்; ஆணைப் பெண்ணின் கூட்டில் விட்டால் அது தன் இடத்தைக் காக்கச் சண்டையிடும். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். 28 ஆம் நாள் வைக்கோல் பரப்பிய பெட்டியை வையுங்கள். தாய் தன் மார்பின் உரோமத்தைப் பிடுங்கி அதில் மெத்தை செய்வதைக் கண்டு நோயென்று பயப்பட வேண்டாம். தாய் நாளுக்கு ஒருமுறை, சிலவேளை இருமுறை, சில நிமிடங்கள் மாத்திரமே பால் கொடுக்கும். குட்டிகளைக் கவனியாது விட்டதென்று எண்ணி அவற்றை அடிக்கடி கையில் எடுத்துத் தொல்லைப்படுத்தலாகாது.

தீனில்தான் எமது தோட்டங்களில் பெரும் ஆபத்து உண்டு. செலவில்லாமற் கிடைக்கிறதென்று வெங்காயத் தாளையும் சருகையும் முயலுக்கு இடுவோர் உளர். வெங்காயம் முயலின் இரத்தத்தைக் கெடுக்கும். மாட்டுக்கும் அதிகமாகக் கொடுத்தால் அவ்வாறே. புகையிலைக் கழிவு எப்பிராணிக்கும் நஞ்சு. மரவள்ளி இலையைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். நன்கு உலர்த்தினால் அதன் நஞ்சு பெரிதும் குறையும். இப்பில் இப்பில் குழையை முயலுக்குத் தொடர்ந்து கொடுத்தால் உரோமம் உதிரும். அதிலுள்ள மிமோசின் என்னும் பொருளே காரணம். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் கிருமிநாசினி தெளித்த பாத்தியின் களையைப் பிடுங்கிப் போடுவதிலும் பார்க்க முயலைப் பட்டினி போடுதல் மேல். அறுகம்புல், வேலியோரப் புற்கள், அகத்தி, முருங்கை இலை என்பன நல்லவை. இரண்டு கிலோ நிறையுள்ள முயல் நாளொன்றுக்கு உலர்ந்த கணக்கில் 100 கிராம் வரை உண்ணும். தண்ணீர் எப்பொழுதும் இருக்க வேண்டும்.

இரவில் முயல் தன் மென்மையான எச்சத்தைத் தானே உண்ணும். அதன் குடல் அமைப்பு அவ்வாறானது, தடுக்காதீர்கள். செவிக்குள் தவிட்டு நிறப் பொருக்கு கண்டால் அது சொறியுண்ணியின் வேலை. குட்டிகள் வயிறு உப்பி, கழிந்து மெலிந்தால் அது பெரும்பாலும் கொக்சிடியா நோயாகும். இரண்டுக்கும் கால்நடை வைத்தியரின் மருந்து உண்டு.

விற்பனை குறித்து ஒரு சொல். விரத நாட்களில் எமது ஊர்களில் எந்த இறைச்சியும் குறைவாகவே விலைபோகும்; நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கந்தசஷ்டியும் அவற்றுள் அடங்கும். முயலிறைச்சியை முன்பின் உண்ணாத குடும்பங்களும் பல. ஆதலால் குட்டிகள் இரண்டு கிலோ நிறையை எட்டும் மூன்றாம், நான்காம் மாதத்தில் அவற்றை வாங்குவோர் யாவர் என்பதைத் தாய் முயலை வாங்குமுன்னரே விசாரித்து அறியுங்கள்.

வேலியே ஆட்டின் வயல்

எமது அனுபவத்தில், குடாநாட்டின் சிறு காணிக்கு முயலிலும் பார்க்க ஆடே ஏற்றது. அதற்குரிய காரணம் வேலியில் இருக்கிறது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை என்பன எல்லையைக் காப்பதோடு குழையும் தருகின்றன. அண்மைக் காலத்தில் வேலியைப் பிடுங்கி மதில் கட்டும் வழக்கம் பரவிவிட்டது. மதில் அழகாயிருக்கலாம், ஆனால் ஓர் இலையேனும் தளிர்க்காது.

கணக்கைப் பாருங்கள். இரண்டு பரப்புச் சதுரக் காணியின் சுற்றளவு ஏறக்குறைய 295 அடி. அடிக்கொரு கதியால் நட்டால் முந்நூறு மரங்கள். ஒவ்வொன்றையும் எழுபத்தைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் நாளொன்றுக்கு நான்கு மரங்கள் வெட்டலாம். ஒரு மரம் ஒருமுறைக்கு ஒரு கிலோ குழை தருமென்று வைத்துக்கொண்டால், அது ஒரு மறியாட்டின் பசிக்குப் பெரும்பாலும் போதும். இரண்டாவது ஆட்டுக்கு ஒழுங்கையிலும் கோயில் வீதியிலும் கொக்கத்தடியுடன் திரிய நேரும். ஐந்து ஆடு வாங்கிப் பின்னர் குழைக்கு அலைவோரைக் காண்கிறோம். வேலியை அளந்தபின் ஆட்டை வாங்குங்கள். சீமைக்கிளுவையை முதலில் வாடவைத்துக் கொடுத்தால் ஆடு விரைவிற் பழகிக்கொள்ளும்.

ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். யமுனாபாரி இனம் யமுனை, சம்பல் நதிகளின் இடைநிலத்தைத் தாயகமாகக் கொண்டது. பாலுக்கும் உயரத்துக்கும் பெயர்பெற்றது. அக்கிடாயோடு ஊராட்டைச் சேர்த்துப் பெறும் குட்டிகள் சிறு தோட்டத்துக்குப் பொருத்தமானவை. கொட்டிலில் நிலத்திலிருந்து மூன்றடி உயரத்தில் சிலாகைப் பரணமைத்து, பிழுக்கை கீழே விழத்தக்க இடைவெளி விடுங்கள். மழைக்கும் காற்றுக்கும் மறைப்புக் கட்டாயம் தேவை. 2022 மார்கழி மாதத்தில் மண்டோஸ் சூறாவளியோடு வந்த குளிர்காற்றில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் ஓரிரு இரவுகளில் மடிந்தன. வெப்பத்துக்கென்று நாற்புறமும் திறந்துவிட்ட கொட்டில், மாரியில் தட்டியால் அடைக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும்.

கோழியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் இல்லத்தரசிகள் எம்மிலும் நன்கு அறிவர். பத்து ஊர்க்கோழிகளுக்கு வீட்டுக் கழிவும் தவிடும் கறையானும் பெரும்பகுதித் தீன் ஆகும். இராணிக்கேத்து நோய்க்குரிய தடுப்பு மருந்தை மட்டும் தவறவிட வேண்டாம். அந்நோய் வந்தபின் செய்யத்தக்கது ஒன்றுமில்லை.

எருவும் கிணறும்

இத்துண்டுப் பிரசுரத்தில் நீங்கள் மிகவும் கருத்தூன்ற வேண்டிய பகுதி இதுவே. எமக்கு வற்றாத ஆறு இல்லை. மாரியிற் பெய்யும் மழை மெல்லிய மண்ணினூடாகச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுள் இறங்கி அங்கே தேங்குகிறது. அந்நீரையே அள்ளிக் குடிக்கிறோம், இறைக்கிறோம். எருக்குவியலின் ஊறலும் அதே வெடிப்புகளின் வழியே இறங்கும். வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கு வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்திருப்பது ஆய்வுகளிற் காணப்பட்டது. இரசாயனப் பசளையின் மிகையும் மலக்குழிகளும் எருவும் இதற்குக் காரணங்கள். அத்தகைய நீரில் மாப்பால் கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வாயுவைத் தாங்கும் வலிமையை இழக்கலாம், உடல் நீலமாகும். நீரைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றும் அளவுக்கு அது செறிவடையும்.

கொட்டிலைக் கிணற்றிலிருந்து நூறு அடி விலக்கி அமைத்தல் நன்று. ஆனால் இரண்டு பரப்புச் சதுரக் காணியின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு உள்ள தூரமே 104 அடிதான். அம்மூலைக்கு அப்பால் அயலவரின் கிணறும் இருக்கும். ஆகவே தூரத்தை மாத்திரம் நம்பியிருத்தல் ஆகாது. பரணின் கீழும் முயற்கூட்டின் கீழும் சீமெந்துத் தளமிட்டு, ஒரு பக்கம் சரிவாக்கி, சிறுநீரை ஒரு வாளியில் சேருங்கள். அதில் பத்து மடங்கு நீர் கலந்து வாழைக்கும் தென்னைக்கும் ஊற்றலாம். எருவை நாள்தோறும் கடகத்தில் அள்ளி, சீமெந்திட்ட குழியில் குழை, சருகுடன் அடுக்கடுக்காகப் போட்டுக் கிடுகால் மூடிவையுங்கள். மூன்று நான்கு மாதத்தில் மட்கும். மட்கிய எருவைப் பயிர் நடும் வேளையிற் பாத்தியில் இடுங்கள். வெறும் நிலத்திற் கொட்டி மாரி மழைக்கு விடாதீர்கள். எரு இட்ட பாத்திக்கு யூரியாவின் அளவை எவ்வளவு குறைக்கலாம் என்பதை விவசாயப் போதனாசிரியர் சொல்லுவார்.

கைக்குழந்தையுள்ள வீட்டார் கிணற்று நீரைப் பரிசோதிக்கும் வழியைத் தமது பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிக. எருக்குழி ஐப்பசி மழைக்கு முன் வெறுமையாக்கப்பட்டு, அதன் தளத்தில் வெடிப்பிருந்தால் பூசப்படல் வேண்டும்.